கடல் கிடந்த ஊர் – 17: அப்பாவின் நாற்காலி

என் மேசை மேல் ஒரு சிப்பி கிடக்கிறது. உள்ளங்கை அளவுதான், ஆனால் தூக்கினால் படிக்கல் மாதிரி கனக்கிறது. ஒரு பாதி தட்டை. மறு பாதி காது மடல்போல உள்ளே சுருண்டிருக்கும். செந்துறையில் ஒரு டிப்பர் லாரி வேகத்தடை மேல் குலுங்கி ஏறியபோது சிந்திய கல்லோடு விழுந்தது. டீக்கடைக்காரர் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டார். நான் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்துவிட்டு, "இதப்போயி எடுக்கறீங்களே சார், வண்டி வண்டியாப் போவுது" என்றார்.

அந்த வண்டிகள் யாருடைய வாசலுக்குப் போகின்றன என்பதுதான் இந்த வாரக் கதை.

கடலின் கதையை முன்பே பார்த்துவிட்டோம். 1860 வாக்கில் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு இந்தப் பக்கமெல்லாம் அலைந்து பாறைகளை ஊத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று வகை பிரித்தது, ஸ்டோலிச்கா சிப்பி சிப்பியாகப் படம் போட்டுப் பெயர் வைத்தது, செந்துறைக்குப் பக்கத்து நின்னியூர் சுண்ணாம்புக்கல் டைனோசர்கள் ஒழிந்த பிறகு படிந்தது என்று கண்டது எல்லாம் போன அத்தியாயங்களில் வந்தன. என் மேசையில் இருப்பதற்குக் கிரைஃபியா என்று பெயர். கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் இது கொத்துக் கொத்தாகக் கிடக்கும். படித்தவனுக்குப் புதைபடிவம், சிமெண்ட் ஆலைக்கு மூலப்பொருள். ஒரு டன் கிளிங்கருக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். அரைத்த மாவை 1,450 டிகிரிச் சூட்டில் கில்ன் என்ற சுழலும் சூளைக்குள் உருட்டினால் கல்லின் எடையில் கிட்டத்தட்ட 44 சதவீதம் கரியமில வாயுவாகப் புகைக்கூண்டு வழியே போய்விடும். மிச்சம் கிளிங்கர். அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட்.

அரியலூர் மாவட்டத்துச் செந்துறை தாலுகா வரைபடத்தை விரித்தால் இரண்டு ஊர்ப் பெயர்கள் கண்ணில் படும்: ஆலத்தியூர், தளவாய். ஆலத்தியூரில் ராம்கோ. தளவாயில் இந்தியா சிமெண்ட்ஸ். ஒன்று ராஜபாளையத்துக் குடும்பம் கட்டியது, மற்றது திருநெல்வேலிச் சீமையில் வேர்விட்ட கம்பெனி. முந்திரியும் மானாவாரிக் கடலையும் விளைந்த இந்தச் செம்மண் காட்டுக்குத் தெற்கத்திக்காரர்கள் இருவரும் வந்தது கல்லுக்காகத்தான். கல் வெகு ஆழத்தில் இல்லை, விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் பக்கத்திலேயே ஓடுகிறது. சிமெண்ட்காரனுக்கு வேறென்ன வேண்டும்? சென்னை வரை சரக்கு ஏற்றி அனுப்பலாம்.

இரண்டு வீட்டுக் கதையும் ஒரே மாதிரித் தொடங்குகிறது. அப்பா போய்விடுகிறார். இருபதுகளில் இருக்கும் பிள்ளை நாற்காலியில் உட்காருகிறான்.

ராஜபாளையத்தை முதலில் பார்ப்போம். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸை நிறுவியவர். பஞ்சு விளையும் கரிசல் சீமைக்கு மேற்கே, மலையடிவாரத்தில், விஜயநகரக் காலத்தில் வந்து குடியேறியதாகச் சொல்லிக்கொள்ளும் தெலுங்கு பேசும் ராஜுக்களின் ஊர். அதே ஊரிலிருந்து பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அந்தச் சின்ன ஊர் அந்தக் காலத்தில் எவ்வளவு தெம்பாக இருந்தது என்று புரியும். ராமசாமி ராஜா பஞ்சிலிருந்து சிமெண்டுக்குத் தாவினார். 1957-ல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ், இன்றைய ராம்கோ. விருதுநகர் அருகே துலுக்கப்பட்டியில் ஆலை, பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல். நாளொன்றுக்கு 200 டன். இன்றைய கணக்கில் அது ஒரு விளையாட்டுச் சாமான்.

ஆலை ஓடத் தொடங்கிய சூடு ஆறுமுன் 1962-ல் அவர் காலமானார். மகன் பி.ஆர். ராமசுப்ரமணிய ராஜாவுக்கு அப்போது வயது 27.

திருநெல்வேலிக் கதை இன்னும் கொஞ்சம் பழையது. கல்லிடைக்குறிச்சி எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசாமியும் சேர்ந்து 1946-ல் இந்தியா சிமெண்ட்ஸைப் பதிவு செய்தார்கள். தாழையூத்தில் ஆலை 1949-ல் ஓடத் தொடங்கியது. சுதந்திரம் வந்த இரண்டாம் வருஷம், வங்கிப் பழக்கமுள்ள ஆட்கள், தாமிரபரணிக் கரைப் பணம். அறுபதுகளில் சங்ககிரியில் இரண்டாவது ஆலை. 1968-ல் நாராயணசாமி காலமானார். அவர் மகன் என். சீனிவாசன், அமெரிக்காவில் கெமிக்கல் எஞ்சினீயரிங் படித்தவர், கம்பெனிக்குள் வந்தபோது வயது 23.

27, 23. இந்த இரண்டு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது எண் ஒன்று கடைசியில் வரும்.

அப்பா விட்டுப்போன ஆலையை ஏற்பது என்றால் அன்றைக்கு என்ன பொருள் என்பது இப்போது பலருக்கு விளங்காது. சிமெண்டுக்கு விலை வைப்பவர் ஆலைக்காரர் அல்ல, மத்திய அரசு. எங்கே எவ்வளவு போக வேண்டும் என்பதையும் அரசே சொல்லும். வீடு கட்டுகிறவர் பெர்மிட் கையில் வைத்துக்கொண்டு மூட்டைக்காக நடையாய் நடப்பார். கல்யாணப் பத்திரிகையை விடப் பத்திரமாகச் சிமெண்ட் பெர்மிட்டைப் பீரோவில் பூட்டி வைத்த பெரியவர்களை நானே பார்த்திருக்கிறேன். விற்பனை என்ற கவலையே இல்லை. செலவைக் குறைப்பதும் டெல்லியில் கோப்பை நகர்த்துவதும்தான் முதலாளியின் திறமை. இந்தச் சூழலில் ஒரு இளைஞனுக்குத் தலைமைப் பயிற்சி என்பது பெரும்பாலும் பொறுமைப் பயிற்சிதான். 1982 ஜனவரியில் சிமெண்ட் ஒதுக்கீட்டு விவகாரத்தில் மகாராஷ்டிர முதல்வர் அந்துலே பதவியை விட்டு இறங்கினார். அடுத்த மாதமே, பிப்ரவரி 28 அன்று, மத்திய அரசு கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்தியது. முழுசாக விட்டது 1989 மார்ச் 1-ல்தான்.

இந்த இருபத்தைந்து முப்பது வருஷங்களில்தான் இரண்டு வீடுகளும் வேறு வேறு வழியில் போயின.

ராமசுப்ரமணிய ராஜா நகர்ந்தது மெதுவாக. 1980களின் நடுவில் கிருஷ்ணா மாவட்டம் ஜெயந்திபுரத்தில் ஒரு ஆலை. அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1997-ல், நம் ஆலத்தியூர். ஆண்டுக்கு 9 லட்சம் டன். அப்பா காலத்து ஆலையை விடப் பன்னிரண்டு மடங்குக்கு மேல். நான்கு வருஷம் கழித்து அதே வளாகத்தில் இரண்டாவது வரிசை. பிறகு அரியலூர் அருகே கோவிந்தபுரம். கவனித்துப் பார்த்தால் ஒரு பழக்கம் தெரியும்: அடுத்தவர் ஆலையை வாங்குவதைவிட, கல் இருக்கும் இடத்தில் தானே அடித்தளம் தோண்டுவது. விவசாயக் குடும்பத்தில் சிலர் அப்படித்தான். பக்கத்துக்காரன் நிலம் விலைக்கு வந்தாலும் வாங்கமாட்டார்கள். தன் தரிசைத்தான் திருத்துவார்கள். அவரை இராமபக்தர் என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் சிமெண்ட் ஆலையைப் பக்தி ஓட்டாது. இயந்திரம் எங்கே நல்லது, மின்சாரம் எங்கே மலிவு என்ற கணக்கு ஓட்டும். காற்றாலைகளில் அவர் கம்பெனி சீக்கிரமே இறங்கியது அந்தக் கணக்கினால்.

சீனிவாசன் கதையில் முதல் பதினொரு வருஷத்துக்குப் பிறகு ஒரு பெரிய பள்ளம். நிறுவிய இரண்டு குடும்பங்களுக்குள் பிணக்கு. 1979-ல் அவர் வெளியே. அப்பா உண்டாக்கிய கம்பெனியின் வாசலுக்கு வெளியே பத்து வருஷம் நிற்பது லேசான காரியமில்லை. அந்தப் பத்து வருஷத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் சதி, அரசியல், யார் யாருக்குப் போன் போட்டார் என்றே எழுதுகிறார்கள். எனக்கு அதில் ருசியில்லை. எனக்குத் தோன்றுவது வேறொன்று.

ஒரு விவசாயிக்கு மூன்று பிள்ளைகள். ஆறு ஏக்கர் நிலம். அப்பா கண்ணை மூடியதும் சர்வேயரை வைத்து ஆளுக்கு இரண்டு ஏக்கராக வரப்புப் போட்டுவிடலாம். கிணற்றில் முறை வைத்துக்கொள்ளலாம். சண்டை வரும், வெட்டுக்குத்துகூட வரும், ஆனால் பாகப்பிரிவினை என்று ஒரு வழி இருக்கிறது. கில்னைப் பாகம் பிரிக்க முடியாது. அறுபது மீட்டர் நீளத்துக்குச் சுழன்றுகொண்டிருக்கும் இரும்புக் குழாயை நடுவில் அறுத்து உனக்குப் பாதி எனக்குப் பாதி என்றால் இரண்டு பேருக்கும் பழைய இரும்புதான் மிஞ்சும். அதனால்தான் ஆலைக் குடும்பங்களில் சண்டை வந்தால் யாராவது ஒருவர் எழுந்து போக வேண்டியிருக்கிறது. பங்குப் பத்திரத்தைப் பிரிக்கலாம்; நாற்காலியைப் பிரிக்க முடியாது.

டால்மியாக்களுக்கு இது முன்பே தெரிந்திருந்தது. ராம்கிருஷ்ண டால்மியா, ஜெய்தயாள் டால்மியா சகோதரர்கள் சேர்ந்து கட்டிய சாம்ராஜ்யத்தில் ஒரு துண்டுதான் அரியலூருக்குத் தெற்கே கல்லக்குடியில் 1939-ல் எழுந்த ஆலை. 1948-ல் குடும்பம் பிரிந்தபோது கம்பெனி கம்பெனியாகத்தான் பங்கு வைத்தார்கள். எதையும் அறுக்கவில்லை. சிமெண்ட் ஜெய்தயாள் பக்கம் வந்தது. மூன்று தலைமுறையாக அவர்கள் கையில்தான் இருக்கிறது.

டால்மியாவைச் சொன்னதும் பேரைச் சொல்லாமல் போக முடியாது. ஊருக்கு டால்மியாபுரம் என்று முதலாளியின் பேரை வைத்ததும், 1953 ஜூலை 15 அன்று மு. கருணாநிதியும் தோழர்களும் அங்கே ரயில்வே ஸ்டேஷனில் கல்லக்குடி என்று பெயர் ஒட்டி, தண்டவாளத்தில் படுத்ததும் தமிழ்நாட்டு அரசியலில் ஒரு பாடம். தி.மு.க. ஆட்சிக்கு வந்தபின் ஸ்டேஷன் பலகையில் கல்லக்குடி பழங்காநத்தம் ஏறியது. எனக்கு ரொம்ப நாளாக ஒரு யோசனை உண்டு. தாழையூத்து சங்கர் நகர் ஆயிற்று, துலுக்கப்பட்டி ஆலையடி ராமசாமி ராஜா நகர் ஆயிற்று. அங்கேயெல்லாம் யாரும் தண்டவாளத்தில் படுக்கவில்லை. வடக்கத்திப் பேர் என்பது பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் 1997-ல் ஆலத்தியூரில் ஆலை வந்தபோது குடியிருப்பின் முகவரி வெறும் சிமெண்ட் நகர். யார் பேரும் இல்லை. முதலாளிகளும் கல்லக்குடியிலிருந்து ஏதோ கற்றுக்கொண்டிருந்தார்கள் என்றே நினைக்கிறேன்.

சரி, 1989. கட்டுப்பாடு முழுசாக நீங்கிய அதே வருஷம் சீனிவாசன் நிர்வாக இயக்குநராகத் திரும்பி வந்தார். இன்னொரு நிறுவனரான சங்கரலிங்க ஐயரின் குடும்பம் சன்மார், கெம்பிளாஸ்ட் என்று தன் பாதையில் போனது. அவர் பேரன் என். சங்கர் 2022-ல் காலமாகும் வரை சென்னைத் தொழிலுலகின் பெரிய பெயர்களில் ஒருவர். ஆக, கடைசியில் அங்கேயும் டால்மியா பாணிப் பாகம்தான். நாற்பது வருஷம் தாமதமாக, காயங்களோடு.

திரும்பி வந்தவருக்குப் பசி இருந்தது. பத்து வருஷம் சாப்பிடாதவன் இலையில் உட்கார்ந்த மாதிரி. முதலில் கடப்பைப் பக்கம் சிலம்கூரு ஆலை. தொண்ணூறுகளில் நம் தளவாயில் புதிதாக ஒன்று. 1998-ல் ஆந்திரத்தில் பி.வி. ராஜு வளர்த்த ராசி சிமெண்ட். ராசியை வாங்கியது சாதாரண வியாபாரம் இல்லை. நிறுவனரின் விருப்பத்துக்கு மாறாகப் பங்குச் சந்தையில் சேர்த்துச் சேர்த்துப் பிடித்தது. இந்தியாவில் அப்படி நடந்த முதல் சில கையகப்படுத்தல்களில் ஒன்று. நாடு முழுக்கப் பேச்சு. தமிழ்நாட்டு முதலாளிக்கு இவ்வளவு துணிச்சலா என்று கேட்டார்கள்.

துணிச்சலுக்கு வட்டி உண்டு. 2000க்குப் பிறகு சிமெண்ட் விலை விழுந்தது. வாங்கியதற்கெல்லாம் கட்ட வேண்டிய கடன் விழவில்லை. வங்கிகளோடு உட்கார்ந்து கடனை மறுசீரமைக்க வேண்டிய நிலை. அந்தக் காலத்தில் தளவாயில் கில்ன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கல்லுக்குக் கடன் தெரியாது, அது வெட்டினால் வரும். ஆனால் சென்னையில் கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தூக்கமில்லாத வருஷங்கள் அவை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆலத்தியூர் எறும்பு, தளவாய் வெட்டுக்கிளி என்று இதைப் பாலர் கதையாக்கினால் தப்பு. இரண்டு வீடும் ஒரே சந்தையில் ஒரே விளையாட்டு ஆடியவைதான். 2012-ல் இந்தியப் போட்டி ஆணையம் விலையைப் பேசி வைத்து ஏற்றியதாகச் சொல்லி 11 சிமெண்ட் கம்பெனிகளுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டபோது, அந்தப் பட்டியலில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். மேல்முறையீடு, மறு உத்தரவு, மறுபடி மேல்முறையீடு என்று அது நீண்டது. மூட்டை விலை திடீரென ஏறும்போதெல்லாம் கொத்தனாரிடம் திட்டு வாங்கியது இரண்டு பேரும்தான். 2015-ல் அரசு அம்மா சிமெண்ட் என்று மூட்டை 190 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டி வந்ததும் அந்தக் கோபத்தினால்தான். அரியலூரில் 1979 முதல் அரசுக்கே சொந்தமாக ஒரு சிமெண்ட் ஆலை ஓடுவதை இந்த முதலாளிகள் கதை நடுவில் மறந்துவிடக் கூடாது.

இனி டீக்கடைக்குத் திரும்புவோம். சிப்பியைப் பார்த்துச் சிரித்தவருக்குப் பக்கத்துப் பெஞ்சில் ஒருவர் இருந்தார். அறுபதைத் தாண்டியவர், தோளில் துண்டு, சட்டைப் பையில் ஒரு பேனா. பேச்சு நிலத்தைத் தொட்டதும் தானாகவே சேர்ந்துகொண்டார். அவர் அப்பா நான்கு ஏக்கரைச் சுரங்கத்துக்கு விற்றவர். எந்தக் கம்பெனிக்கு என்பது வேண்டாம். இந்தக் கதை இந்தத் தாலுகாவில் பல வீட்டில் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. இரண்டு ஏக்கர் முந்திரி, ஒரு ஏக்கர் கடலை, மிச்சம் கம்பும் துவரையும். கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கும்.

"வூட்டுக்கு ஒருத்தருக்கு வேலன்னாங்க. எனக்குக் குடுத்தாங்க, இல்லன்னு சொல்லல. காண்ட்ராக்ட்டுல லோடிங்கு. பதினெட்டு வருசம் மூட்ட தூக்குனேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபம் வற்றிப்போன குரல்.

அந்த நிலம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நிலம் எங்கங்க இருக்குது, பள்ளந்தான் இருக்குது. மழ பேஞ்சா ஏரி கணக்கா நிக்கும். பச்சத் தண்ணி. ஆடு குடிக்காது." கிணறு? "பள்ளத்துல கெணறு ஏதுங்க? கெணத்தச் சுத்திதான் பள்ளம் வெட்டுனாங்க, அப்புறம் கெணறே பள்ளமாப் போச்சு."

அவர் அண்ணன் தம்பிகளோடு பாகம் பிரிக்கவே இல்லையாம். பிரிக்க நிலம் இல்லை. விற்ற பணத்தைத்தான் பிரித்தார்கள். ஒரு தம்பி திருப்பூர், ஒருவர் சென்னையில் வாட்ச்மேன். நிலம் இருந்திருந்தால் வரப்புச் சண்டை போட்டுக்கொண்டு மூன்று பேரும் இங்கேயே இருந்திருப்போம் என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றினார். முதலாளி வீட்டுப் பிள்ளைகள் யார் உட்காருவது என்று அடித்துக்கொண்ட அதே கல்லுக்கு மேலேதான் இந்த வீட்டுப் பிள்ளைகளின் முந்திரிக்காடு இருந்தது. வாரிசு என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு பக்கமும் நினைவுக்கு வருகிறது.

கீழப்பழுவூர்ப் பக்கம் செட்டிநாடு சிமெண்ட். அங்கே நாற்காலிச் சண்டை வெளிச்சத்துக்கே வந்துவிட்டது. எம்.ஏ.எம். ராமசாமி, செட்டிநாட்டு அரச குடும்பம், குதிரைப் பந்தயத்தில் பேர் போனவர். பிள்ளை இல்லாமல் சுவீகாரம் எடுத்தார். 2014-ல் தலைவர் பதவியிலிருந்து அவரே நீக்கப்பட்டார். அடுத்த வருஷம் சுவீகாரம் செல்லாது என்று அறிவித்தார். 2015 டிசம்பரில் காலமானார். இதற்கு மேல் அந்த வீட்டு விஷயத்தில் நான் கருத்துச் சொல்ல விரும்பவில்லை. இருபக்கமும் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். எழுத்தாளனுக்கு அங்கே வேலையில்லை.

ஆலத்தியூர்ப் பக்கம் அப்படி ஒரு சத்தமும் இல்லை. 2017 மே 11 அன்று ராமசுப்ரமணிய ராஜா காலமானார். ஐம்பத்தைந்து வருஷம் நாற்காலியில் இருந்திருக்கிறார். மகன் பி.ஆர். வெங்கட்ராம ராஜா அதுவரை அதிகம் பேசப்பட்டது மென்பொருள் கம்பெனியான ராம்கோ சிஸ்டம்ஸுக்காக. அப்பா 27 வயதில் ஏற்றதை இவர் அறுபதை நெருங்கும்போது ஏற்றார். எது கஷ்டம்? அறியாத வயதில் எல்லாவற்றையும் தூக்குவதா, அல்லது தனக்கென்று ஒரு தொழிலை வளர்த்த பிறகு அப்பாவின் தொழிலுக்குத் தலையைக் கொடுப்பதா? எனக்கு இரண்டாவதுதான் கஷ்டமாகப் படுகிறது, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க மனசில் இடம் வந்துவிடுகிறது. கம்பெனிக்கும் கடன் சுமை இல்லாமல் இல்லை. சமீப வருஷங்களில் தேவையில்லாத சொத்தை விற்றுக் கடனைக் குறைக்கும் வேலை அங்கேயும் நடக்கிறது.

தளவாய்ப் பக்கம் நடந்தது வேறு. 2008-ல் ஐ.பி.எல். வந்தபோது இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடி டாலருக்குச் சென்னை அணியை வாங்கியது. சிமெண்ட் கம்பெனிக்கு எதற்குக் கிரிக்கெட் என்று கேட்ட பங்குதாரர்களுக்குச் சொல்லப்பட்ட பதில் விளம்பரம் என்பதுதான். அடுத்த பத்து வருஷக் கதை எல்லாருக்கும் மனப்பாடம். 2011-ல் சீனிவாசன் கிரிக்கெட் வாரியத் தலைவர், 2013-ல் சூதாட்டச் சர்ச்சை, மருமகன் மேல் குற்றச்சாட்டு, லோதா குழு, 2016, 2017 இரண்டு வருஷம் அணிக்குத் தடை. அந்த இரண்டு கோடையில் அரியலூர் மாவட்டத்து டீக்கடைகளில்கூடத் தொலைக்காட்சிப் பெட்டிகள் ஓய்வெடுத்தன. 2018-ல் திரும்பி வந்த முதல் வருஷமே கோப்பை. இதற்கு நடுவே அணி சிமெண்ட் கம்பெனியிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி நிறுவனமாகிவிட்டது. 2022 தொடக்கத்தில் அந்தக் கிரிக்கெட் கம்பெனியின் மதிப்பு, அதைப் பெற்ற சிமெண்ட் கம்பெனியின் சந்தை மதிப்பைத் தாண்டிவிட்டது என்று செய்தி வந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், ஏழெட்டு ஆலைகள், ஆயிரக்கணக்கான வேலையாட்கள் ஒரு தட்டில்; பதினொரு பேர் மஞ்சள் சட்டை மறு தட்டில். தராசு சட்டைப் பக்கம் சாய்ந்தது.

சிமெண்டில் நஷ்டம் ஏறியது. பெரியவர்கள் கொள்ளளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள், விலை ஏறவில்லை, நிலக்கரி விலை ஏறியது. நடுத்தர உருவத்தில் இருப்பவர் நிற்க இடமில்லாத சந்தையாயிற்று அது. 2024 ஜூனில் அல்ட்ராடெக் கம்பெனி முதலில் வெளியாரிடமிருந்து இந்தியா சிமெண்ட்ஸின் ஏறக்குறைய 23 சதவீதப் பங்கை வாங்கியது. ஜூலை 28 அன்று குடும்பத்தின் 32.72 சதவீதத்தை 3,954 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. டிசம்பர் 24-ல் கைமாற்றம் முடிந்தது. 79 வயதில், எண்பதுக்குப் பத்து நாள் இருக்கும்போது, சீனிவாசன் எழுந்தார். மனைவியும் மகளும் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகினார்கள். வேலையாட்களிடம் அவர் பேசியது பெரும்பாலும் உங்கள் எதிர்காலத்துக்கு ஆபத்தில்லை என்ற ஒரு விஷயத்தைத்தான். 1979-ல் அவரை எழுப்பினார்கள். இந்த முறை அவரே எழுந்தார். நாற்பத்தைந்து வருஷத்தில் இந்த ஒரு வித்தியாசத்தை அவர் சம்பாதித்திருந்தார் என்று எனக்குப் படுகிறது. பிறர் வேறு மாதிரி நினைக்கலாம்.

வாங்கியது யார்? ஆதித்ய பிர்லா குழுமம். ரெட்டிப்பாளையத்தில் ஏற்கெனவே அவர்கள் ஆலை இருப்பதால் இந்த மாவட்டத்துக்குப் புதிய ஆட்களில்லை. அதன் தலைவர் குமார் மங்கலம் பிர்லா. 1995 அக்டோபரில் அப்பா ஆதித்ய விக்ரம் பிர்லா ஐம்பத்தொரு வயதில் போனபோது அவருக்கு வயது 28. கடைசியில் வரும் என்று நான் சொன்ன மூன்றாவது எண் அதுதான். 27, 23, 28. மூன்று பிள்ளைகள், மூன்று சாவுகள். மூன்று புகைக்கூண்டுகளும் ஒரே மாவட்டத்தில்.

இதையெல்லாம் செந்துறை டீக்கடையில் அந்தப் பெரியவரிடம் சுருக்கமாகச் சொன்னேன். ஆர்வமாகத்தான் கேட்டார். தளவாய் ஆலை கைமாறியது தெரியும். யாருக்கு, எவ்வளவுக்கு என்பது அவருக்குத் தெரியாது. 3,954 கோடி என்றதும் உதட்டைப் பிதுக்கினார். அந்த எண் அவருக்கும் எனக்கும் ஒரே அளவு அர்த்தமற்றதுதான்.

"எல்லாத்தையும் குடுத்துட்டாரா?"

"சிமெண்டுப் பங்கைக் குடுத்துட்டார். கிரிக்கெட் டீம் அவங்க கிட்டதான் இருக்கு."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பெஞ்சு மேல் நான் வைத்திருந்த சிப்பியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"எங்கப்பாரும் இப்பிடித்தாங்க. பத்திரம் முடிச்சிக் காசு வாங்கிட்டு வந்தவரு, மறுநா காலையில ஆளுங்களக் கூட்டிக்கிட்டுப் போயி கெணத்து மோட்டார மட்டும் கழட்டியாந்துட்டாரு. அஞ்சு எச்.பி. கம்பெனிக்காரன் கேக்கல, அவனுக்கு எதுக்கு மோட்டாரு? இன்னமும் வூட்டுக்குப் பின்னால கொட்டாயில இருக்குது. வருசா வருசம் ஆயுத பூசைக்குத் தொடச்சிப் பொட்டு வைக்கிறேன். எறைக்கத்தான் கெணறு இல்ல."

(தொடரும்)